ஏழு மணிக் காபி

“பூனைக்குக்கூடப் பால் வச்சாச்சு. எனக்கு மட்டும் இன்னும் காபி வரல” என்றாள் பெரிய மருமகள், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடி.

கணவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கேட்டா கொடுத்துட்டுப் போறா.”

“கேட்டு வாங்கிக் குடிக்கணுமாக்கும்! எட்டு வருஷமா அந்த அடுப்பு என் கையில இருந்தது. நேத்து வந்தவ பிடுங்கிக்கிட்டா.”

சின்னவள் கல்யாணமாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வந்த வாரமே, “உங்களுக்கு உடம்பு முடியல, காலை வேலையை நான் பாத்துக்கறேன்கா” என்று சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள். வீட்டில் எல்லாருக்கும் ஆறு மணிக்குக் காபி. பெரியவளுக்கு மட்டும் ஒரு டம்ளர் வெறும் தண்ணீர். மாத்திரை போட்டுக்கொள்ள. காபி ஏழு மணிக்குத்தான்.

தைராய்டு வந்ததிலிருந்து பெரியவளுக்கு உடம்பு ஊதிக்கொண்டே போனது. சீப்பு நிறைய முடி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சின்னவளோ எவ்வளவு சாப்பிட்டாலும் ஊசி மாதிரி இருந்தாள். அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்வதைப் பார்த்தாலே இவளுக்கு வயிறு எரியும்.

“இன்னிக்கு டாக்டரைப் பாத்துட்டு, அப்படியே வாடகைக்கு ஒரு வீடும் பாத்துட்டு வரணும். சொல்லிட்டேன்.”

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

“பரவாயில்லையே! மாத்திரை அளவைக் கூட்டணும்னு நினைச்சிருந்தேன். இனி தேவையில்லை. ஒருவழியா நான் சொன்னதைக் கேட்டுட்டீங்க.”

“எதை டாக்டர்?”

“மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குக் காபி வேண்டாம்னு எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டேன்! கூடவே குடிச்சா மருந்து உடம்புல சரியாச் சேராதும்மா.”

கணவன் இவளைப் பார்த்தான். இவள் சுவரைப் பார்த்தாள். அடுப்பு இவள் கையில் இருந்த காலத்தில் மாத்திரையை விழுங்கியதே காபியில்தான்.

அன்று வீடு பார்க்கப் போகவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, காலி டம்ளரோடு சமையலறைக்குப் போனாள்.

“காபி விஷயம் உனக்கு யாரு சொன்னா?”

“மாத்திரைச் சீட்டுல டாக்டரே கோடு போட்டு எழுதியிருந்தாரேக்கா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

சின்னவள் தயங்கினாள். “நேத்து வந்தவ எனக்குப் புத்தி சொல்றாளான்னு இருக்கும் உங்களுக்கு.”

பெரியவளுக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்ற மேடையைப் பார்த்தாள். மற்றவர்கள் குடித்த டம்ளர்கள் தொட்டியில் கிடந்தன. இரண்டு மட்டும் துளி ஈரம் இல்லாமல் கவிழ்ந்திருந்தன.

“ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு யாருக்கு?”

“எனக்குத்தான். நீங்க அங்க வாசனை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கப்போ எனக்கு மட்டும் எப்படிக்கா தொண்டையில இறங்கும்? மூணு மாசமா எனக்கும் ஏழு மணிக்குத்தான் காபி.”