கணக்குப்பிள்ளைப் பேய்க்கு ஒரு வக்கீல்

"ஏம்மா, இந்தக் கொட்டாவிக் கோட்டையை எந்தப் பாகத்துல இருந்து ஆரம்பிக்கணும்?"

கேட்டவர் ஹெல்மெட்டைக் கல்லா மேஜைமேல் டொக்கென்று வைத்தார்.

புத்தகக் கடைக்கு வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத கேஷியர் பெண் திருதிருவென்று விழித்தாள். மந்திரவாதி கொட்டாவி விட்டால் மந்திரம் தப்பாகப் பலிக்கும் ஒரு கோட்டை, இதுவரை இருபத்தாறு பாகம். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதுவும் பின்னட்டை உபயம்.

"ஒண்ணுல இருந்துதான் சார்..."

"ஐயையோ!"

ஜன்னலோர பெஞ்சிலிருந்து இரண்டு குரல்கள் ஒன்றாகப் பாய்ந்தன. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், இந்தத் தொடரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடும் கோஷ்டி அது.

"ஒண்ணை எடுத்தா ரெண்டாவது பக்கத்துலயே பிரேக் டவுன் சார்," என்றார் பஸ் டிரைவர். "நாலுல ஏறுங்க. டிராகனுக்கு ஜலதோஷம் பிடிக்கும் பாருங்க, அப்புறம் வண்டி நிக்கவே நிக்காது!"

"நாலா? அதை வேரோட பிடுங்கணும்," என்றார் பல் டாக்டரம்மா. "வலிக்காம ஆரம்பிக்கணும்னா பதினொண்ணு."

"பதினொண்ணு சொத்தை, டாக்டர்!"

"உங்க நாலு பஞ்சர்!"

கேஷியர் பெண்ணுக்குத் தலை சுற்றியது. போன வாரம் இதே டிரைவர்தான் நாலைக் கிழிகிழியென்று கிழித்தார். இதே டாக்டரம்மாதான் அதைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். இவர்களுக்கு இந்தப் புத்தகம் பிடிக்குமா, பிடிக்காதா?

பெஞ்சுக்குப் பின்னால் அலமாரி அக்கா நின்றுகொண்டிருந்தாள். கேஷியர் பெண் வைத்த பெயர்தான். சனிக்கிழமைதோறும் வருவாள். ஒரு பாகத்தை எடுத்துப் பிரிப்பாள். பக்கம் திருப்பமாட்டாள், காது மட்டும் பெஞ்சில் இருக்கும். அவர்கள் சிரித்தால் இவளும் சத்தமில்லாமல் சிரிப்பாள்.

"போய் உட்காருங்களேன்க்கா," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள் கேஷியர் பெண்.

"எனக்கும் ஆசைதான்மா. ஆனா யாரையும் தெரியாதே..." என்று அக்கா புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெஞ்சில் இடம் காலியாகத்தான் இருந்தது.

ஹெல்மெட்காரர் குரலை உயர்த்தினார்.

"இருபத்தாறு எழுதியும் கதை முடியலேன்னா, எழுதினவருக்கே போற வழி தெரியலேன்னுதானே அர்த்தம்?"

பெஞ்ச் மொத்தமும் அவர் பக்கம் திரும்பி முறைத்தது.

"சின்னப் பசங்க சமாச்சாரம். என் வீட்டுக்காரியும் இதைத்தான் கட்டிக்கிட்டு அழறா. அதோ, நிக்கிறா பாருங்க!"

அவர் கை நீட்டிய இடத்தில் அலமாரி அக்கா. முகம் செத்துப்போய்விட்டது.

கேஷியர் பெண்ணுக்குச் சுருக்கென்றது. சீ, நாலு பேர் எதிரில் கட்டின பெண்டாட்டியை இப்படியா?

"சார், படிக்காம பேசாதீங்க," என்றார் டாக்டரம்மா கடுப்பாக.

"இதைப் படிக்க வேற செய்யணுமா? அந்தக் கணக்குப்பிள்ளைப் பேயையே எடுத்துக்குங்க. செத்தும் விடாம லீவு கேட்டு மனு போட்டுக்கிட்டே திரியுது. அதைத் தூக்கிக் கடாசினா கதை விறுவிறுன்னு ஓடிடும்."

படாரென்று ஒரு புத்தகம் மூடியது.

"பேயைப் பத்தி இனி ஒரு வார்த்தை பேசாதீங்க!"

அலமாரி அக்காதான். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"லீவு வேணும்னுதானா மனு போடுது அது? தான் போயிட்டா கோட்டையில இருக்கிற அநாதைப் பிள்ளைங்களுக்குப் படியளக்க ஆளில்லேன்னு, தன் மனுவைத் தானே தள்ளுபடி பண்ணுதுங்க! பத்தொன்பதாம் பாகம் பூரா வேற என்ன இருக்கு? அதுகூடத் தெரியாம, பேச வந்துட்டீங்க!"

பஸ் டிரைவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"யம்மா! இதை நான் யோசிக்கவே இல்லையே!"

"இத்தனை நாளா எங்க முதுகுக்குப் பின்னாடியா நின்னீங்க?" டாக்டரம்மா நகர்ந்து இடம் விட்டார். "வாங்க, உட்காருங்க. அந்த மனுஷனை விடுங்க. இருபத்திரண்டுல பேய் அழுதே, அது நிஜ அழுகையா?"

"நிஜந்தாங்க. பாதி வெங்காயம், பாதி நிஜம்."

சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். உட்கார்ந்தது அவளுக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் "போங்கண்ணா, உங்களுக்கு டிராகனைத் தவிர ஒண்ணுமே தெரியல!" என்று டிரைவரையே மிரட்டிக்கொண்டிருந்தாள்.

ஹெல்மெட்காரரைச் சீண்ட ஆளில்லை.

"சார், ஏதாவது வாங்குறதா உத்தேசமா?" கேஷியர் பெண்ணின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அவர் அவள் பக்கம் குனிந்து, குசுகுசுவென்று கேட்டார்.

"உட்கார்ந்துட்டாளாம்மா? நான் திரும்பமாட்டேன். நான் பார்த்தா எழுந்து வந்துடுவா."

"சார்...?" அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"மாத்தலாகி இந்த ஊருக்கு வந்ததுல இருந்து, என்னைத் தவிர யார்கிட்டயும் அவ மனசு விட்டுப் பேசல. இன்னைக்குத்தான்."

"அதுக்காக, அவங்களுக்கு உயிரானதைப் போயா திட்டுவீங்க?"

"எதைத் திட்டினா பொறுக்கமாட்டான்னு கண்டுபிடிக்கத்தாம்மா, ஆபீஸ்ல ஒளிச்சு வெச்சு இருபத்தாறையும் படிச்சேன்." அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். "அந்தப் பேயைத் திட்டறதுக்குள்ள எனக்கு நாக்கே கூசிப்போச்சு."