தேடலில் வந்த விடுப்பு

காய்ச்சலோடு கேட்ட விடுப்பை மேலாளர் மறுத்ததால்தான் தங்கை வேலை மேசையிலேயே சுருண்டு விழுந்து செத்தாள். அதே அலுவலகத்தில் இன்ஜினியராக இருந்த அக்காவுக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"உன் தங்கச்சி விவரத்தையெல்லாம் அழிச்சிட்டு டேட்டாபேஸை கனெக்ட் பண்ணு," என்றார் மேலாளர்.

பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள். ஊழியர் விவரங்கள் இருந்த கிளவுட் டேட்டாபேஸை அலுவலகத் தேடல் மென்பொருளோடு இணைத்தாள். சோதித்துப் பார்க்க மேலாளர் தன் பெயரையே தட்டினார். ஒரே ஒரு முடிவுதான் வந்தது: தங்கையின் விடுப்பு விண்ணப்பம், இன்றைய தேதியில்.

"என்ன விளையாட்டு இது?"

"நான் தொடவே இல்ல சார். அவதான் கேக்குறா. இப்பவாவது குடுத்துத் தொலைங்க!" என்று கத்தினாள் அக்கா.

அவர் வெடுக்கென்று விண்ணப்பத்தின் கீழிருந்த 'மறுப்பு' பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார்.

விசைப்பலகையில் யார் கையும் இல்லை. தேடல் பெட்டியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன: "ஏன் சார்?"