முந்தாநாளுக்குத் திருப்பு

“கிட் சாஃப்ட்வேர் போட்டாச்சுக்கா. இனிமே உன் புரோகிராமை எவ்வளவு சொதப்பினாலும் பழையபடி திருப்பிடலாம்,” என்றான் தம்பி.

“எந்த நாளுக்கு வேணும்னாலுமா?”

“தாராளமா.”

அக்கா நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள். “அப்போ முந்தாநாளுக்குத் திருப்பு.”

“அதெப்படி? இன்னிக்குத்தானே ஆரம்பிச்சிருக்கோம். இதுக்கு முன்னாடி இருந்தது எதுவும் அதுல இருக்காது. ஏன், என்ன போச்சு?”

“தினம் காலையில ஸ்கிரீன்ல ஒரு வரி வரும். நேரத்தை மாத்தப் போய் நேத்து அழிச்சிட்டேன்.”

“அவ்வளவுதானே? சொல்லு, டைப் அடிச்சிடறேன்.”

“‘மாத்திரை போட்டியாம்மா?’”

அக்காவே கற்றுக்கொண்டு எழுதியது என்றல்லவா நினைத்திருந்தான்! அவள் மகள் இறந்து மூன்று மாதம். மகள் எழுதிவைத்த புரோகிராம்தான் இத்தனை நாளும் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

தம்பி கீபோர்டை இழுத்தான்.

“வேண்டாம்டா,” என்றாள் அக்கா. “நீ எழுதினா, நீ கேட்கிற மாதிரிதான் இருக்கும்.”