வேலூர்ப் புரட்சிக்கு ஒரு முன்னுரை

நாகலூர் எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்த மாதேஷுக்கு, அங்கேயே கணக்கெழுதும் ரைட்டர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பிளஸ் டூவில் அவன் தோற்றிருந்த வரலாற்றில் மட்டும் தேறிவிட வேண்டும். அதற்காகத் தினமும் சாயங்காலம் பஸ் ஏறி, மஞ்சக்குட்டையில் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் சசிரேகாவிடம் போனான்.

அவன் எழுதிய வேலூர்ப் புரட்சியைப் படித்ததும் அவள் முகம் சுளித்தாள்.

“எடுத்ததுமே துப்பாக்கி வெடிக்குதே, முன்னுரை எங்கீங்க? எப்ப, எங்க, யாருன்னு மூணு வரி எழுதோணும். அப்புறம் காரணம், நடந்தது, விளைவு. ஒவ்வொண்ணுக்கும் தனித் தலைப்புங்க. முடிவுரை எழுதாம எந்திரிக்கவே கூடாது.”

ஒரே மாதத்தில் அது மாதேஷின் ரத்தத்தில் ஊறிவிட்டது. ஏன் தாமதம் என்று மேஸ்திரி கேட்டால்கூட, “காரணம் ரெண்டுங்க” என்று ஆரம்பித்தான்.

தேர்வன்று ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் தன் இடத்தைத் தேடிப் போனால், பக்கத்து பெஞ்சில் ஹால் டிக்கெட்டோடு சசிரேகா உட்கார்ந்திருந்தாள்.

“ஏனுங்க டீச்சர், நீங்க இங்க?”

“நானும் வரலாறு எழுதத்தானுங்க வந்தேன். இது நாலாவது தடவை.”

“அப்ப எனக்குச் சொல்லிக்குடுத்ததெல்லாம்?”

“மொதத் தடவை முன்னுரை எழுதாம போச்சுங்க. ரெண்டாந்தடவை தலைப்புப் போடலை. போன தடவை முடிவுரைக்கு நேரம் பத்தலை.”

அந்த முறை இருவருமே தேறினார்கள். மாதேஷ் அவளைவிட எட்டு மார்க் அதிகம். அதை மஞ்சக்குட்டை முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பூரித்தவள் சசிரேகாதான்.