கடிகாரத்துக்குள் பிஸ்கட்

குற்றவாளிக்கு உரிய எல்லா லட்சணமும் அன்று காலை கடிகார ரிப்பேர்க்காரரிடம் இருந்தது. உள்ளங்கை வியர்த்தது. மனைவி "என்னங்க" என்றாலே தூக்கிவாரிப் போட்டது.

ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பெஞ்சில் அவருக்கு ஒரு பக்கம் மனைவி, மறு பக்கம் மச்சினன்.

சர்க்கரை நோயை வந்த வழியே திருப்பி அனுப்புவது என்று டாக்டர் திட்டம் போட்டிருந்தார். ஒரு நாளைக்கு எண்ணூறு கலோரி. மூன்று வேளை பவுடர் கரைத்த பானம், ராத்திரிக்கு ஒரு கிண்ணம் காய்கறி சூப். மாத்திரையும் நிறுத்தியாயிற்று. இப்படிப் பன்னிரண்டு வாரம். புருஷன் தனியாகக் கஷ்டப்படக் கூடாதென்று, ஒரு நோயும் இல்லாத மனைவியும் ராத்திரியில் அதே சூப்பைத்தான் குடித்தாள். அதை நினைத்தால்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஏனென்றால் கடையில், ஓடாத சுவர்க் கடிகாரம் ஒன்றின் வயிற்றுக்குள் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. தினமும் நாலு மணிக்கு ஒரே ஒரு பிஸ்கட். அதையும் நாலாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். பதினாலு கிலோ இறங்கியும் மனசு ஆறவில்லை. டாக்டர் சொன்னது காதிலேயே நின்றது.

"இது மூணு மாசக் கணக்கு காட்டற டெஸ்ட். திருட்டுத்தனமா தின்னதெல்லாம் காட்டிக் கொடுத்துடும். ஆறரைக்குக் கீழ குறையலைன்னா அடுத்தது ஊசிதான்."

மச்சினனுக்கு அந்தக் கவலை ஏது? ஊதினால் பறந்துபோகிற உடம்பு. பஸ் ஓட்டுகிற வேலைக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டுமாம்; அதற்கும் இதே டெஸ்ட்தானாம். "ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிடலாம்" என்று அக்கா இழுத்து வந்திருந்தாள். வந்ததிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்துவிட்டு, இரண்டு தடவை பாத்ரூமுக்கும் போய் வந்துவிட்டான்.

உள்ளே இருவரையும் உட்காரவைத்து ரத்தம் எடுத்தாள் நர்ஸ். ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டதாம். பெயர் எழுதின சீட்டை ரப்பர் பேண்டு போட்டுக் குப்பியில் சுற்றி, இரண்டு குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். வெளியே போன் அடித்தது. போனாள். மச்சினன் மறுபடி பாத்ரூமுக்கு ஓடினான்.

அறையில் அவரும் இரண்டு குப்பிகளும்தான்.

மயிரிழைச் சுருள்கம்பியைப் பிடித்துப் பழகிய விரல்களுக்கு அது ஒரு வேலையா? கண் இமைக்கிற நேரத்தில் சீட்டுகள் இடம் மாறின. 'இவன் உடம்பப் பார்த்தா எந்த டாக்டரும் நம்ப மாட்டார். மறுபடி எடுக்கச் சொல்வார், சரியாயிடும்' என்று மனசாட்சியைத் தட்டித் தூங்கவைத்தார்.

மச்சினன் திரும்பி வந்து உட்கார்ந்தான். "பெரியவரே, இங்க ஒரு கையெழுத்து" என்று நர்ஸ் வாசலிலிருந்து கூப்பிட, அவனை அங்கேயே விட்டுவிட்டுப் பஞ்சை அழுத்தியபடி எழுந்து போனார்.

இரண்டு மணி நேரத்தில் கவர்கள் வந்தன. முதலில் புருஷனுடையதைப் பிரித்தாள் மனைவி. மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான். பாசக்காரப் பயல்!

"அஞ்சே முக்கால்! என்னங்க, போயே போச்சுங்க!" அவள் கண் கலங்கிவிட்டது.

"நல்லாப் பாருக்கா!" என்று பதறினான் மச்சினன்.

"பார்த்துட்டேன்டா. இந்தா, உன்னுது." பிரித்தவள் முகம் மாறியது. "பத்து புள்ளி ரெண்டா? உனக்கா? இதோட இன்னொரு காப்பி பஸ் கம்பெனிக்கே போயிடுச்சாமேடா!"

மச்சினன் பேயறைந்தவன் மாதிரி நின்றான். கடிகாரக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு பிஸ்கட்டுக்காக ஒருத்தன் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது. மனைவியோ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, டாக்டரிடம் விசாரிக்க விடுவிடுவென்று நடந்தாள். அவரால் தாங்க முடியவில்லை. மச்சினனை மாடிப்படி ஓரம் தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்ளே, என்னை மன்னிச்சிடு. அந்தப் பத்து புள்ளி ரெண்டு என்னுது. நீ பாத்ரூம் போன நேரத்துல நான்தான் சீட்ட மாத்திட்டேன். தினம் ஒரு பிஸ்கட் தின்னேன்டா... இப்பவே கம்பெனிக்குப் போன் போட்டு ஒத்துக்கறேன். உங்கக்கா என்னை என்ன வேணா பண்ணிக்கட்டும்."

 மச்சினன் தொப்பென்று படியில் உட்கார்ந்தான்.

"போன மாசம் விரல்ல குத்திப் பார்த்தப்பவே எனக்கு சர்க்கரை முன்னூறு மாமா. யாருக்கும் சொல்லலை. பன்னெண்டு வாரம் அக்கா கையால சூப் குடிச்ச ரத்தம், சுத்தமாத்தான் இருக்கும்னு நம்பி, நீங்க கையெழுத்துப் போடப் போன நேரத்துல நானும் மாத்தி வச்சுட்டேனே!"