கடைவாய்ப் பல்லுக்கு வந்தவர்

ஜன்னல் வழியே வரும் காலை வெயில் சாய்நாற்காலியின் கால்மாட்டில் விழுகிறது. உடைந்த கடைவாய்ப் பல்லை அடைக்க வந்த பஸ் டிரைவர் வாயைப் பிளந்தபடி படுத்திருக்கிறார். பல் டாக்டர் துளைக்கும் கருவியை ஓரமாக வைத்துவிட்டு, சிறு கண்ணாடியை இன்னும் உள்ளே விடுகிறார். பற்கள் மொட்டையாகத் தேய்ந்திருக்கின்றன. நாக்கின் ஓரமெல்லாம் பல் பதிந்த தடம். அதற்குப் பின்னால் தொண்டை குறுகிக் கிடக்கிறது. கண்ணாடியை வெளியே எடுத்து, "குறட்டை விடுவீங்களா?" என்கிறார். "பக்கத்து வீட்டுக்காரரே சண்டைக்கு வந்துட்டாரு டாக்டர்" என்று டிரைவர் சிரிக்கிறார். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி சிரிக்கவில்லை. "குறட்டைகூடப் பரவாயில்ல டாக்டர். திடீர்னு அது நின்னுடும், மூச்சே இருக்காது. நான்தான் பிடிச்சு உலுக்குவேன்." டிரைவர் திரும்பிப் பார்க்கிறார். "இத ஏன் எங்கிட்ட சொல்லல?" "சொன்னப்ப நம்புனீங்களா?"

"வண்டி ஓட்டுறப்ப கண்ணு சொக்குமா?" என்று டாக்டர் கேட்கிறார். டிரைவரின் சிரிப்பு அடங்குகிறது. "சிக்னல்ல நிக்கறப்ப... சில நேரம்." டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியை நிமிர்த்துகிறார். "பல்லை இன்னிக்கே அடைச்சிடலாம். ஆனா ராத்திரி மூச்சு நின்னு நின்னு வர்றதாலதான் பகல்ல கண்ணு சொக்குது போலிருக்கு. தூக்கத்துக்குன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அதை உடனே எடுங்க. அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடாதீங்க. டெஸ்ட் பார்க்கிற டாக்டர் சரின்னா, ராத்திரி மாட்டிக்கிட்டுத் தூங்க, கீழ்த்தாடையை முன்னால இழுத்துப் பிடிக்கிற மாதிரி பல்செட் ஒண்ணு நானே செஞ்சு தர்றேன். மூச்சு தடங்கலில்லாம போகும்." அந்தக் குரலில் அதட்டலும் இல்லை, பயமுறுத்தலும் இல்லை. டிரைவர் சின்னப் பிள்ளைபோலத் தலையாட்டுகிறார். டாக்டர் மனைவியின் பக்கம் திரும்புகிறார். "நீங்க எப்பம்மா தூங்குவீங்க?" அவள் பதில் சொல்ல வாயெடுக்கிறாள், கண்ணீர்தான் முந்திக்கொள்கிறது.