உள்ளங்கை அளவு பட்டன்

"அக்கா, இன்னைக்கும் மூணு பேர் கழண்டுட்டாங்க," என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான் தம்பி.

அக்காவின் முகம் மலர்ந்தது. "மூணு பேரா? நெஜமாவா?"

"இது சிரிக்கிற விஷயமா?"

அக்கா ஒரு மருத்துவமனையின் பக்கவாத வார்டில் பிசியோதெரபிஸ்ட். வீடு திரும்பிய நோயாளிகளுக்காக வலைப்பூவில் தினம் ஒரு பயிற்சி எழுதினாள். தேடி வந்து படிப்பது அவர்களுக்குச் சிரமம். மின்னஞ்சலிலேயே போய்ச் சேர வழி செய்யடா என்று தம்பியிடம் கேட்டாள். இணையதளம் கட்டித் தருவதுதான் அவன் தொழில். ஓர் இலவசச் சேவையில் கணக்குத் தொடங்கி, பெயர், முகவரி, 'சேர்கிறேன்' என்று மூன்றே கட்டத்தில் படிவம் போட்டுக் கொடுத்தான். பத்து நாளில் இருநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

ஒன்றுதான் அவனுக்கு உறுத்தியது. ஒவ்வொரு மடலின் தலையிலும் உள்ளங்கை அளவுக்கு, 'போதும், விலகுகிறேன்' என்று ஒரு பட்டன் வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். அதை அழுத்தினால் ஒரு வரி எழுத இடம். எழுதுவது அவளுக்கு மட்டும் வரவேண்டும்.

"கடையைத் திறந்து வாசல்லயே 'திரும்பிப் போங்க'ன்னு எவனாவது போர்டு வைப்பானா?"

"நான் வைக்கிறேன்."

"எல்லாரும் அதைக் கடைசியில, சாம்பல் நிறத்துல, பொடி எழுத்துல போடுவாங்கக்கா."

"நான் எழுதின முதல் மடலைப் படிச்சியாடா?"

"குழாய் போடறவன் தண்ணியும் குடிச்சுப் பார்க்கணுமா?"

"அப்பாவையும் சேர்த்திருக்கேன்."

ஊரில் இருந்த அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து எட்டு மாதம். "அவர் எங்க படிக்கப் போறார்? நேத்து போன் பண்ணேன். 'ம்'னுட்டு அம்மாகிட்ட குடுத்துட்டார்," என்றான் தம்பி.

அவன் கவலை வேறு. பெரிய டாக்டரம்மா வாரத்துக்கு இரண்டு மதியம் அக்காவை வார்டிலிருந்து இதற்காக விடுவித்திருந்தார். ஒரு மாதம்தான். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்து, சரியில்லை என்றால் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார். இப்படித் தினம் மூன்று பேர் போனால் என்ன மிஞ்சும்?

அக்காவின் நன்மைக்குத்தான். எழுதிக் கொடுப்பதோடு அவள் வேலை சரி, அனுப்புவது அவன்தான். அன்று சாயங்காலமே அவளிடம் சொல்லாமல் பட்டனைத் தூக்கி மடலின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் வைத்தான்.

மறுநாள் யாரும் விலகவில்லை. அதற்கு மறுநாளும்.

"யாராவது போனாங்களாடா?" என்று தினமும் பல் விளக்கும் முன்பே அக்கா கேட்டாள்.

"ஒரு ஆள் அசையலை."

"ஒருத்தர்கூடவா?"

நாளுக்கு நாள் அவள் குரல் இறங்கியது. போனால் சிரிக்கிறாள், இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். இவளை யாராலும் திருப்திப்படுத்த முடியாது என்று தம்பி முடிவு கட்டினான்.

மாதக் கடைசியில் இரண்டு பேரும் பெரிய டாக்டரம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இருநூத்திப் பன்னெண்டு பேர் டாக்டர்," என்று தம்பி தாளை நீட்டினான். "ரெண்டு வாரமா ஒருத்தர்கூட விலகலை."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள்.

"அப்ப இது வேலைக்காகலைம்மா. நாளையிலேருந்து மதியமும் வார்டுக்கே வந்துடுங்க."

"வேலைக்காகலையா?" என்றான் தம்பி. "டாக்டர், ஒருத்தர்கூட..."

டாக்டரம்மா ஃபைலிலிருந்து முதல் மடலை உருவி அவன் பக்கம் தள்ளினார். "கடைசி பாராவைப் படிங்க தம்பி. சத்தமா."

தம்பி படித்தான்.

"'இந்த மடல்கள் உங்களுக்குத் தேவைப்படாத நாள்தான் எனக்கு நல்ல நாள். அன்றைக்கு, எந்தக் கை விழுந்ததோ அந்தக் கையாலேயே மேலே உள்ள பட்டனை அழுத்தி விலகுங்கள். முடிந்தால் அதே கையால் ஒரு வரி அடியுங்கள். விரல் நடுங்கும், குறி தப்பும். அதனால்தான் பட்டன் இவ்வளவு...'"

"முழுசாப் படிங்க."

"'...பெரிது.'"

அவன் டாக்டரம்மாவின் மேஜையிலேயே லேப்டாப்பைத் திறந்தான்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க டாக்டர். பட்டனை நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

அக்கா அவனைப் பார்த்த பார்வைக்கு ஓர் அறை விட்டிருந்தால் தேவலை.

அன்றைய மடல் போனது, தலையில் பழைய பட்டனோடு. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் போன் ஒருமுறை ஒலித்தது. பிறகு அடுத்தடுத்து.

"'நானே சட்டை மாட்டினேன்,'" என்று படித்தாள் அக்கா. "'பேத்திக்குத் தலை பின்னி விட்டேன். கோணல்தான்.' 'என் கையெழுத்தை பேங்க்ல ஒத்துக்கிட்டாங்க.'"

டீ வருவதற்குள் பத்தொன்பது பேர் போய்விட்டார்கள். தம்பி ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொன்னான், ஏலம் விடுகிறவனைப் போல.

"ரெண்டு மதியம் போதுமாம்மா? இல்ல, மூணு வேணுமா?" என்றார் டாக்டரம்மா.

அக்காவின் காதில் அது விழவில்லை. இருபதாவதைப் படித்துவிட்டு, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டு போனைத் தம்பியிடம் நீட்டினாள்.

"இது உனக்குடா."

தம்பி வாங்கிப் படித்தான்.

'பட்டனை ஒளித்து வைத்த மடையன் யார்? பத்து நாளாகத் தேடுகிறேன். வலது கையால் அடித்தது. அப்பா.'